பற்று நோட்டில் எழுதாத கணக்கு

கேள்வி:

எனக்கு வயது 34. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர், எட்டு வயதில் ஒரு மகள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் பெட்டி ஒட்டுவோம். அது வயிற்றுக்குப் போதாது. பெரியப்பா பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் அவர்தான். “தம்பி குடும்பத்துக்கு நான் நோட்டு போடுவேனா?” என்று நாலு பேர் முன்னால் சொல்வார். சாமான் வாங்கிவர வயர்கூடையோடு என்னைத்தான் அனுப்புவார்கள்.

எட்டு வயதிலிருந்து பதினோரு வயது வரை, கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் அவர் என்னைத் தவறாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு தடவையும் கடலைமிட்டாய் கொடுப்பார். நான் அதை வாங்கித் தின்றிருக்கிறேன். பத்து வயதில் ஒரு தடவை அம்மாவிடம் சொன்னேன். “உலையில் போட அரிசி வேண்டாமா? வாயை மூடு” என்றார். நான் வயசுக்கு வந்த பிறகு பாட்டி கடைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதோடு அது நின்றது. பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது.

மகளுக்கு எட்டு வயதானதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சாக்கு, காய்ந்த மிளகாய் வாசனை வந்தால் கைகால் சில்லிட்டுப்போகிறது. வயிற்றுவலி என்று மூன்று தடவை ஸ்கேன் எடுத்தேன், ஒன்றுமில்லை என்கிறார்கள். கணவர் நல்லவர், ஆனால் அவர் தொட்டால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறேன். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். சில நாள் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும். குடும்பத்தோடு வந்து காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ” என்று அம்மா தினமும் போன் செய்கிறார். பெரியப்பா இப்போதும் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேத்திகள் எந்நேரமும் கடையில்தான். கணவருக்கு எதுவும் தெரியாது. மிட்டாய்க்கு ஆசைப்பட்டுத்தான் நான் போனேனோ? நான் சரியாக முடியுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

மருத்துவ உளவியலாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விழாத் தேதி நெருங்குகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். மகளையும் அனுப்பாதீர்கள். எங்கள் தொழிலில் ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று சொல்வது குறைவு. வந்தவரே யோசித்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருப்போம். இந்த ஒரு விஷயத்தில் காத்திருக்க எனக்கு மனமில்லை. எட்டு வயதுக் குழந்தையை அந்த மனிதரின் காலில் விழவைத்து, ‘தாத்தா திருநீறு பூசட்டும், நில்லு’ என்று நீங்களே அவள் தோளைப் பிடித்து நிறுத்துவதை ஒருமுறையாவது மனதில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தை எழுதவைத்ததே அந்தக் காட்சியாக இருக்கலாம்.

என்ன காரணம் சொல்வது? திருப்பூரில் இருப்பவருக்கு இதில் என்ன கஷ்டம்! “ஷிப்மென்ட் இருக்கிறது, லீவு தரமாட்டார்கள்” என்றால் முடிந்தது. பொய்தான், பரவாயில்லை. உண்மையை எங்கே, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கல்யாண மண்டபமும் அம்மாவின் போனும் அதற்கான இடங்கள் இல்லை. அம்மா மறுபடியும் மறுபடியும் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இரண்டாவது காரணம் சொன்னால் அதற்கு அவர் ஒரு வழி சொல்வார். அப்புறம் பேச்சு நீளும், நீங்கள் களைத்துப்போய்ச் சரி என்றுவிடுவீர்கள்.

இனி அந்த உப்புக் கணக்கு. உங்கள் கடிதத்தில் அதிகமாக வலிக்கிற இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் மளிகைக் கடைக்காரர். நீளவாட்டில் ஒரு பற்று நோட்டு வைத்திருப்பார், வீட்டுக்கு ஒரு பக்கம். மாதம் பிறந்ததும் கூட்டிப்போட்டு, பணம் வந்தால் வரவு வைத்து, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் கணக்குத் தீர்ந்தது, மறுநாள் அந்த வீட்டுக்காரர் தலைநிமிர்ந்து கடைக்கு வரலாம். உங்கள் பெரியப்பா உங்கள் வீட்டுக்குப் பக்கமே போடவில்லை. ஊர் அதைப் பெரிய மனசு என்று கொண்டாடியது. எழுதாத கணக்கில் கோடு இழுக்க முடியாதே! 26 வருஷம் கழித்தும் உங்கள் அம்மா அதற்கு வட்டி கட்டுகிறார், உங்களையும் கட்டச் சொல்கிறார்.

குழந்தைகளிடம் இப்படி நடப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா இல்லாத வீடு, அம்மா வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும், கூடையைத் தூக்கிக்கொண்டு குழந்தை தனியாகத்தான் வரும், அது எதையாவது சொன்னாலும் நம்பி எதிர்த்து நிற்க அந்த வீட்டில் தெம்புள்ள ஆள் இல்லை. இதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு முதலிலேயே தெரியும். குழந்தையை வசப்படுத்துவதற்கு முன்பே குடும்பத்தையும் தெருவையும் வசப்படுத்திவிடுவார்கள். நாலு பேர் முன்னால் கொடுப்பது அதற்காகத்தான். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொந்தரவு செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். பையன்களும் சரிபாதி. உங்கள் தெருவிலேயே இன்னும் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ.

அவர் அரிசி கொடுத்தது நிஜம். அந்த அரிசியில்தான் நீங்களும் தம்பியும் வளர்ந்தீர்கள். அதை இல்லையென்று சொல்லச் சொன்னால் உங்கள் மனது கேட்காது, நானும் சொல்லமாட்டேன். தம்பி செத்துப்போனால் அவன் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அண்ணன் செய்ய வேண்டியது, செய்தார். குடோனில் நடந்தது வேறு. அது குற்றம். மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்திருந்தாலும் அது குற்றம்தான். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, இதே மாதிரி ஒரு ‘கடனை’ ஒருநாள் நிஜமாகவே எழுதிப் பார்த்தார். மாதத்துக்கு இத்தனை கிலோ, அன்றைய விலை இவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் இவ்வளவு. மூன்று வருஷத்தையும் கூட்டினால் அவருடைய இப்போதைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொடவில்லை. முதலில் சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் அழுதார். கடைசியில் என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். நீங்களும் செய்யலாம், ஆனால் தனியாக வேண்டாம். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆலோசகர் இருக்கும்போது செய்யுங்கள்.

கடலைமிட்டாய்க்கு வருகிறேன். இன்று சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது சும்மா உட்கார்ந்து அவளைப் பாருங்கள். அவள் கை எவ்வளவு சின்னது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள், எழுத்துக்கூட்டும்போது உதடு எப்படி அசைகிறது என்று பாருங்கள். அன்று வயர்கூடையோடு போனவளுக்கும் இதே வயது, இதே கை. பெரியவர் ஒருவர் கொடுத்த மிட்டாயைப் பசியோடு இருந்த குழந்தை தின்றது. அதில் சம்மதம் எங்கே இருக்கிறது? பெட்டி ஒட்டிய பசைக்கையோடு வந்த குழந்தைக்குக் கடலைமிட்டாய் இனிக்கத்தான் செய்யும். அது இனித்ததை நினைத்துத்தானே இத்தனை வருஷமாக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்றும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தப்பிக்க வழியில்லாத பயத்தில் உடம்பு தானாக உறைந்துபோகும், யாரும் யோசித்து உறைவதில்லை. கணவர் தொடும்போது மரக்கட்டையாவதும் அந்தப் பழைய உறைதல்தான். அவர்மேல் அன்பில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மகளின் எட்டாவது வயதில் இது கிளம்பியதும் தற்செயல் இல்லை. நாம் பாதிக்கப்பட்ட வயதை நம் குழந்தை தொடும்போது, மூடிவைத்ததெல்லாம் திறந்துகொள்வதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

சாக்கு வாசனை பற்றி எழுதியிருந்தீர்கள். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் ஒரு இடைநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது, பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பகுதிக்கு நேரே போய்விடும். அதனால்தான் ‘இது வேறு கடை, வேறு ஊர்’ என்று அறிவு சொல்வதற்கு முன்பே கைகால் சில்லிடுகிறது. அந்த நேரத்தில் உங்களை நீங்களே திட்டிக்கொண்டு கடைக்குள் போகாதீர்கள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். வண்டிச் சாவி கையில் இருந்தால் அதன் பல்லை விரலால் தடவுங்கள். “இது திருப்பூர். எனக்கு முப்பத்து நாலு வயது. வண்டி வெளியே நிற்கிறது, நான் நினைத்தால் போகலாம்” என்று வாய்க்குள் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். முதல் நாலைந்து தடவை பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

வயிற்றுவலி பொய்யில்லை. ஸ்கேனில் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சின்ன வயதில் பட்ட கஷ்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்த பிறகு உடல் நோய்களும் மன நோய்களும் கூடுவதைக் கண்டார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, விவரம் எதுவும் சொல்லாமல், “சின்ன வயதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி நடந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நல்ல டாக்டராக இருந்தால் அது போதும்.

அம்மாவைப் பற்றி எழுதிய இரண்டு வரியில் கையெழுத்து மாறியிருந்தது. இந்த மாதிரி அனுபவத்தில், செய்தவரைவிடக் காப்பாற்றாதவர் மேல்தான் கோபம் அதிகமாக இருக்கும். இருபத்தைந்து வயதைத் தாண்டியவுடனே தாலியறுத்து, இரண்டு பிள்ளைகளோடு, கணவரின் அண்ணன் கதவைச் சாத்தினால் அடுத்த வேளைக்கு வழியில்லாமல் நின்ற ஒரு பெண்ணாக அவரை என்னால் பார்க்க முடிகிறது. அவர் செய்தது தப்பு என்பது அதனால் மாறிவிடாது. பத்து வயதுக் குழந்தை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து சொன்னதை அவர் மூடி வைத்தார். இரண்டையும் நீங்கள் ஒரே மனதில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை விட வேண்டியதில்லை. மன்னித்தால்தான் நிம்மதி வரும் என்று யாராவது ஆன்மிகமாகப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மன்னிக்காமலே நன்றாக வாழ்கிற நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

கணவரிடம் சொல்வதா? இன்றைக்கே வேண்டாம். சொல்லவே கூடாது என்றும் இல்லை. சொன்ன பிறகு அதைச் சண்டையில் ஆயுதமாக எடுக்கிற ஆண்கள் இருக்கிறார்கள், கோபத்தில் அரிவாளோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே உங்கள் பாரத்தைக் கூட்டும். நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். ஆலோசனைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஓர் அமைதியான நேரத்தில் இவ்வளவு மட்டும் சொல்லலாம்: “சின்ன வயதில் சொந்தத்தில் ஒருவர் என்னிடம் தப்பாக நடந்துகொண்டார். அதனால்தான் சில நேரம் என் உடம்பு பயப்படுகிறது. உங்கள்மேல் குறையில்லை. அது யார், என்ன நடந்தது என்று இப்போது கேட்காதீர்கள்.” இதை அவர் தாங்குகிறாரா என்று பாருங்கள். மீதியை எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதுவரை, முடியாத இரவில் முடியாது என்று சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டில்லாமல் மெடிக்கலில் கொடுக்கிற அந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் பழக்கத்தில் கொண்டுபோய் விடும், இந்த நோயையும் குணப்படுத்தாது. அதற்காக இன்று ராத்திரியே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அட்டையை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் செர்ட்ரலின் மாதிரி வேறு மருந்து கொடுப்பார். மருந்தைவிட முக்கியம் பேச்சு சிகிச்சை. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஒன்று, கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே இரண்டையும் பரிந்துரைத்திருக்கிறது. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிற ஆலோசகரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள். பாதுகாப்பு முதலில், நினைவைத் தொடுவதும் துக்கப்படுவதும் அப்புறம், வாழ்க்கையோடு மறுபடி இணைவது அதற்கும் அப்புறம் என்று இந்தத் துறையின் முன்னோடியான மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் வகுத்துக் கொடுத்த வரிசையைத்தான் நாங்கள் இன்றும் பின்பற்றுகிறோம். உங்களுக்கு இப்போது முதல் கட்டம்: தூக்கம், சாப்பாடு, விழாவுக்குப் போகாமல் இருப்பது.

‘எதற்கு இருக்கிறோம்’ என்ற வரியை நான் தாண்டிப் போகவில்லை. அந்த எண்ணம் ‘எப்படிச் சாவது’ என்று மாற ஆரம்பித்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டாம். கணவரிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடையில் விளையாடும் பேத்திகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அது சும்மா எழுதிய வரியாகத் தெரியவில்லை. உங்களுக்கு நடந்தது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அமலுக்கு வந்த 2012 நவம்பர் 14-க்கு முன்பு. அதனால் உங்கள் வழக்கு அன்றிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின்படிதான் போகும். கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்து நிரூபிப்பது கஷ்டம் என்பதையும் மறைக்க மாட்டேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்ட உதவி எண்ணான 15100-க்கும் அழைக்கலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கொடுக்காவிட்டால் நீங்கள் கோழை என்று ஆகாது, குணமாவதற்கு வழக்கு ஒரு நிபந்தனையும் இல்லை.

இன்றைய குழந்தைகள் விஷயம் வேறு. ஒரு குழந்தைக்குக் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கும் என்று அஞ்சினாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோவின் 19-வது பிரிவு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து உங்கள் சந்தேகத்தைச் சொல்லலாம். அந்தக் குழந்தைகளின் அம்மாவிடம், “பிள்ளைகளைத் தாத்தாவோடு தனியாக விடாதீர்கள், நான் காரணத்தோடுதான் சொல்கிறேன்” என்று ஒரே ஒரு வரி சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் இதை ஆலோசகரோடு சேர்ந்து திட்டமிடுங்கள், ரொம்ப நாள் தள்ளாதீர்கள்.

சரியாக முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். நடந்தது மறக்காது, அதன் கனம் குறையும். சாக்கு வாசனை வெறும் சாக்கு வாசனையாகிற நாளை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் அவர்களே அதைக் கவனிப்பதில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் ‘அட, இன்று கடைக்குப் போய்வந்தேனே’ என்று தோன்றும். பத்தாம் வகுப்போடு நின்றதைச் சொல்லியிருந்தீர்கள். இந்த வயதிலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் மேல்நிலைத் தேர்வு எழுதலாம். அவசரமில்லை, தகவலுக்குச் சொன்னேன்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும். வருகிற திங்கட்கிழமை பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை நீளமாக இருக்கும். சீட்டு எழுதுகிறவர் என்ன பிரச்சினை என்று கேட்டால், “தூக்கம் வரவில்லை” என்று சொன்னால் போதும். மற்றதையெல்லாம் உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் சொல்லத் தோன்றினால். போய்வந்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.